முல்லாவும் பக்கீரும்: வானாட்சியின் கதை

விமானத்திலிருந்து குண்டு வீசியே ஆயுதக் குழு ஒன்றை அடக்கிவிட முடியுமா என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. நூறாண்டுகளுக்கு முன்பே பிரித்தானியப் பேரரசு அதற்கு 'முடியும்' என்று விடை எழுதிவிட்டது. அந்த விடை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போமானால், நாம் சோமாலிலாந்துக்குச் செல்ல வேண்டும்.

1899 முதல் அங்கே ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவர் சையித் முகம்மது அப்துல்லா ஹசன். ஆங்கிலேயர் அவரைப் 'பைத்தியக்கார முல்லா' என்றனர். சோமாலியரோ தம் மொழியின் பெருங்கவிஞருள் ஒருவராக இன்றும் அவரைப் போற்றுகின்றனர். 1913இல் அவருடைய தர்வேஷ் படையிடம் கார்ஃபீல்டு என்னும் ஆங்கிலத் தலைவன் வீழ்ந்தபோது, அந்தப் பிணத்தையே முன்னிலைப்படுத்தி அவர் ஒரு கவிதை பாடினார். (களவேள்வி பாடிய நம் பழம்புலவர்களுக்கு அவர் மனம் எளிதில் விளங்கியிருக்கும்!) 1900 தொடங்கி 1904 வரை நான்கு முறை படையெடுத்தும் அவரைப் பிடிக்க முடியவில்லை. அவர் நாடோடி, அடிப்பதற்கு ஓர் ஊர் இல்லை.

பின்னாளில் அவர் செய்த ஒரு காரியம் நிலைமையை மாற்றியது. தலே முதலிய இடங்களில் கல்லால் வலிய கோட்டைகளைக் கட்டி அமர்ந்தார். நாடோடிக்கு முகவரி வந்துவிட்டது.

1920 சனவரி 21 அன்று மெடிஷே பாசறையின் மீது முதற்குண்டு விழுந்தது. இந்தப் போருக்கென வந்தவை பன்னிரண்டு டி.எச்.9 விமானங்கள். அன்று புறப்பட்டவற்றுள் ஒன்றே இலக்கைக் கண்டது. ஏனையவை அங்கே சென்றடையவில்லை. ஆயினும் அந்த ஒன்றின் குண்டில் முல்லா மயிரிழையில் தப்பினார் என்பர். அடுத்த சில நாள்களில் ஆளும் கால்நடையும் திசைக்கொன்றாகச் சிதற, ஒட்டகப் படையும் நட்புக் குடிகளும் தரைவழியே துரத்திச் சென்றன. பிப்ரவரியில் தலே விழுந்தது. இருபதாண்டுப் பகை மூன்றே வாரத்தில் முடிந்தது. செலவு 77,000 பவுண்டு. முல்லா ஒகாடனுக்குத் தப்பிச் சென்று, அவ்வாண்டின் இறுதியில் நோயால் மாண்டார்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோட்டைகளுள் சென்று அவற்றைக் கைப்பற்றியவர்கள் தரைப்படையினர். புகழ் மட்டும் விமானத்துக்குச் சென்றது. அதற்குக் காரணம் உண்டு. 1918இல்தான் தோன்றிய அரச விமானப்படையைக் கலைத்துத் தரைப்படைக்கும் கடற்படைக்கும் பங்கிட்டுவிடலாம் என்ற பேச்சு அப்போது இலண்டனில் பலமாக இருந்தது. அதன் தலைவர் டிரென்சார்டுக்கு மலிவான வெற்றி ஒன்று தேவைப்பட்டது. போர்க் கடன் சுமந்த அரசுக்கும் அதுவே தேவைப்பட்டது. 1921 கெய்ரோ மாநாட்டில் சர்ச்சில் ஈராக்கைக் காக்கும் பொறுப்பை விமானப்படையிடம் ஒப்படைக்க முடிவு செய்தார். 1922 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. 'வானாட்சி' கொள்கையாயிற்று.

அக்கொள்கைக்கு வாய்த்த கடுந்தேர்வு வசீரிஸ்தான். 1925 மார்ச்சு முதல் மே வரை பிங்க் என்னும் அதிகாரியின் தலைமையில் விமானப்படை, தரைப்படையின் துணையே இன்றி, மஹ்சூத் குடியினர்மீது குண்டு வீசியது. அவர்கள் பணிந்தனர். ஆனால் பதினோரு ஆண்டுகள் கழித்து அதே மலைகள் மீண்டும் எரிந்தன. இம்முறை எதிரே நின்றவர் இப்பியின் பக்கீர் எனப்பட்ட மிர்சா அலி கான்.

குண்டு வீசுமுன் துண்டறிக்கை வீசி ஊராரை வெளியேறச் சொல்வது ஆங்கிலேயர் வகுத்த முறை. முதலில் வெள்ளைத்தாள், பின்பு சிவப்புத்தாள். போருக்கு முன் ஆவையும் பெண்டிரையும் பிணியுற்றோரையும் காப்பிடம் செல்லச் சொல்லும் புறப்பாட்டு மரபை வகுப்பில் நடத்தும் நமக்கு, இதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எனினும் அறிக்கையைப் படித்து முதலில் குகைக்குச் செல்பவன் துப்பாக்கி வைத்திருப்பவனாகத்தான் இருப்பான். எஞ்சுவது வீடும் வயலும். பக்கீர் தம் தவவலிமையால் குண்டுகளைக் காகிதமாக்கிவிடுவார் என்று அடியார்கள் நம்பியதாகவும், வானிலிருந்து காகிதமே விழக் கண்டு அந்நம்பிக்கை முற்றியதாகவும் ஒரு செய்தி உண்டு. கதையோ உண்மையோ, சுவையானது.

1937இல் பல்லாயிரம் துருப்புகளும் விமானங்களும் அவரைத் தேடின. அர்சல் கோட்டில் இருந்த அவர் தங்குமிடம் தகர்க்கப்பட்டது, ஆள் அகப்படவில்லை. ஆப்கன் எல்லையோரக் குகைகளுக்கு அவர் இருப்பை மாற்றிக்கொண்டார். பிரித்தானியர் 1947இல் வெளியேறினர். பக்கீர் அங்கேயே இருந்தார். பாகிஸ்தானையும் ஏற்காமல் வாழ்ந்து, 1960இல் இயற்கையாக இறந்தார்.

முல்லாவை வென்ற கருவி பக்கீரிடம் தோற்றது ஏன்? முல்லாவுக்குக் கோட்டை இருந்தது, துரத்த ஒட்டகப் படையும் இருந்தது. பக்கீருக்குக் குகையும் எல்லையும் இருந்தன. அதைவிட முதன்மையாக, அவர் தம் குடிகளிடையே இருந்தார். விழுந்த ஒவ்வொரு குண்டும் அவருக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தது என்பதே நம் கணிப்பு.

அதே வசீரிஸ்தானின் மீது 2004 முதல் அமெரிக்காவின் ஆளில்லா விமானங்கள் பறந்தன. இவை ஊரை விட்டு ஆளைக் குறிவைத்தன. ஆளைப் பிடிக்கவும் செய்தன. பாகிஸ்தான் தாலிபானின் தலைவர் பைத்துல்லா மஹ்சூத் 2009 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஹக்கிமுல்லா மஹ்சூத் 2013 நவம்பரில் கொல்லப்பட்டார். அவருக்கடுத்த ஃபஸ்லுல்லா 2018 சூனில் ஆப்கன் மண்ணில் கொல்லப்பட்டார். அவ்வாண்டே தலைமை ஏற்றவர் நூர் வலி; அவரும் ஒரு மஹ்சூத்.