தாம்பரத்தோடு நின்ற கரண்ட்

"சென்னைக்கு வெளியே இருக்கேன், ஈவி வாங்கலாமா, சார்ஜ் எங்க போடுறது?" இதை நிறைய பேர் கேக்கறீங்க. பதில் சொல்ல நான் 1931-லிருந்து ஆரம்பிக்கணும்.

அந்த வருஷம்தான் மெட்ராஸ் பீச்சிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. தாம்பரத்தைத் தாண்டினால் பழையபடி கரி எஞ்சின்தான். நான் இருக்கிற ஊரப்பாக்கம் அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர். அந்தத் தூரத்தைத் தாண்டி மின்கம்பி தெற்கே வர 1960-கள் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட ஒரு தலைமுறை!

இப்போ 2018-க்கு வருவோம். 2003 மின்சாரச் சட்டப்படி கரண்டை விற்க லைசென்ஸ் வேணும். அப்போ காசு வாங்கிட்டு ஒரு வண்டிக்கு சார்ஜ் போட்டா, அது விற்பனையா, சேவையா? இந்தக் குழப்பம் ரொம்ப நாள் இருந்தது. 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை அமைச்சகம் தெளிவாகச் சொன்னது: அது சேவைதான், லைசென்ஸ் வேண்டாம். அதாவது, டீக்கடைக்காரர்கூட சார்ஜிங் பாயின்ட் வைக்கலாம்.

அதே டிசம்பரில் வழிகாட்டு விதிகள் வந்தன. 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒரு ஸ்டேஷன், நெடுஞ்சாலையில் 25 கிலோமீட்டருக்கு ஒன்று என்று அப்போ சொன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருந்தது. ஆனா யாருக்கு முதல்ல? முதல் கட்டத்தில் 40 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களும் அவற்றை இணைக்கும் நெடுஞ்சாலைகளும். இரண்டாம் கட்டத்தில் மாநிலத் தலைநகரங்கள் மாதிரியான பெரிய நகரங்கள். அந்த விதிகளில் சின்ன ஊருக்குன்னு தனியா ஒரு கட்டமே இருக்கலை. மறுபடியும் தாம்பரம் கதைதான்.

"ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்துலதானே இருக்கு?"ன்னு கேப்பீங்க. நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜர் பெரும்பாலும் கார்களுக்கான சிசிஎஸ்-2 கன். ஊரைக் கடந்து போறவங்களுக்கு அது உதவும். ஊருக்குள்ள ஓடுற பெரும்பாலான ஸ்கூட்டர்களில் அதை மாட்டவே முடியாது. சொந்த வீடு இருக்கிறவர் போர்டிகோவில் பிளக்கைச் சொருகிடுவார். இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறவர்? பொது சார்ஜிங் உண்மையிலேயே தேவைப்படுறது அவருக்குத்தான்.

அவருக்கு ஏற்ற ஒரு விஷயம் 2021-ல் வந்தது: மலிவு விலை ஏசி சார்ஜிங் பாயின்ட்டுக்கான இந்தியத் தரநிலை. சாதாரண 15 ஆம்பியர் லைன் போதும், 3 கிலோவாட் வரை தரும், போன் வழியா காசு கட்டலாம். விலை 3,500 ரூபாய்க்குள் தொடங்கணும் என்பது இலக்கு. எங்கெல்லாம் வைக்கலாம்னு அரசு சொன்ன இடங்களில் ரயில் நிலைய பார்க்கிங்கும் மளிகைக் கடையும் இருந்தன.

எனக்கு இதில் பிடிச்சது அந்த ரயில் நிலைய பார்க்கிங்தான். காலையில் ஸ்டாண்டில் விட்ட வண்டி ராத்திரி வரை சும்மா நிக்குது. ஒரு ஸ்கூட்டர் பேட்டரிக்கு சுமார் 3 யூனிட் போதும். மெதுவா ஏறினாலும் நாலஞ்சு மணி நேரம். அங்கே ஃபாஸ்ட் சார்ஜர் எதுக்கு? வீட்டில் போன் இல்லாத காலத்தில் எஸ்டிடி பூத் ஊருக்கு ஊர் பரவினது இப்படித்தான்: சின்ன முதலீடு, தெருமுனைக் கடை, நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பேர்கிட்ட பேசுங்க. ஒண்ணு, வீட்டு ஓனர்: பார்க்கிங்கில் சப்-மீட்டரோடு ஒரு 15 ஆம்பியர் பாயின்ட். இன்னொண்ணு, ஸ்டாண்டு வெச்சிருக்கிற அண்ணன். அவருக்கு லைசென்ஸ் வேண்டாம்னு சட்டம் சொல்லி வருஷக்கணக்காச்சு. அதை யாராவது அவர்கிட்ட சொல்லணும்ல?