நீரைத் தீட்டியவர்கள்

ஆரணி என்னும் பெயருக்கு ஆற்றை அணியாகப் பூண்ட ஊர் என்று பொருள் கூறுவர். கமண்டல நாகநதி அவ்வூரைத் தொட்டுச் செல்கிறது. மழை பொய்த்த நாள்களில் அது வெறும் மணலாய்க் கிடப்பது வேறு செய்தி. அவ்வூர்ப் பட்டு நெசவாளரிடம் மயில் கழுத்து நிறம் எவ்வாறு பிறக்கிறது என்று கேட்டால், பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறொரு நிறம் என்பார். சேலையை அசைக்கும்போது நீலமும் பச்சையும் மாறி மாறித் தோன்றும். இதுதான் அதன் நிறம் என்று ஒன்றைச் சுட்ட இயலாது. தண்ணீரும் அத்தகையதே. வானமும் சேறும் கரையோர மரமும் கொடுக்கும் நிறமே அதன் நிறம். அதனாலேயே நீரைத் தீட்டுதல் ஓவியர்க்கு அரிய பணியாயிற்று.

நம் மண்ணில் நீர்நிலையைத் தீட்டிய பழஞ்சான்று, புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல். 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை எனக் கருதப்படும் ஓவியங்கள் அச்சமணக் குடைவரையில் உள்ளன. விதானத்தில் ஒரு தாமரைப் பொய்கை விரிகிறது. மீனும் அன்னமும் எருமையும் யானையும் அதில் திளைக்க, மலர் கொய்வோர் நடுவில் நிற்கின்றனர். எனினும் இலையும் மலரும் நெருங்கிய பசும்பரப்பைக் கண்டே அதை நீர் என்று நாம் உணர்கிறோம். ஒளி பட்டு மின்னும் நீர்ப்பரப்பை அங்கே தேட வேண்டியதில்லை.

ஒளி ஊடுருவும் நீரைக் காட்ட ஐரோப்பியருக்குக் கைகொடுத்தது ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம். உலர்ந்த ஒரு படலத்தின் மீது கண்ணாடிபோன்ற மெல்லிய மற்றொரு படலத்தைப் பூசினால், அடிநிறம் மேல்நிறத்தின் வழியே எட்டிப் பார்க்கும். ஊடும் பாவும் செய்யும் அதே மாயம்!

அந்த மாயத்தை நற்செய்திக்குப் பயன்படுத்தியவர் கொன்ராட் விட்ஸ். ஜெனீவா நகரின் புனித பேதுரு பேராலயப் பீடத்திற்காக, 1444இல் அவர் மரப்பலகையில் ‘வியத்தகு மீன்பிடிப்பு’ ஓவியத்தைத் தீட்டினார். செந்நிற மேலாடை அணிந்த ஆண்டவர் நீர்மீது நிற்கிறார். பேதுரு இருமுறை இடம்பெறுகிறார்: படகில் வலையிழுப்பவராக ஒருமுறை, ஆண்டவரை நோக்கி நீரில் தத்தளிப்பவராக மறுமுறை. நீருக்குள் அவர் கால்கள் தெரிகின்றன. கரையோரத்தில் அடியிலுள்ள கற்களும் தெரிகின்றன. எல்லாவற்றினும் வியப்பு, அந்த ஏரி கலிலேயா அன்று, ஜெனீவா ஏரி! பின்னால் நிற்பவை அந்நகர மக்கள் நாள்தோறும் கண்ட மலைகள். குறிப்பிட்ட ஓர் இடத்தை உள்ளவாறே காட்டிய ஐரோப்பிய நிலக்காட்சிகளுள் இதைத் தொடக்ககாலத்ததாகப் போற்றுகின்றனர். 1535இல் திருவுருவங்களை எதிர்த்த கிளர்ச்சியாளர் இதிலுள்ள முகங்களைச் சிதைத்தனர். ஏரியின்மீது அவர்களுக்குப் பகையில்லை போலும்.

எண்ணெய் வண்ணம் 19ஆம் நூற்றாண்டில் நம் நாட்டு ஓவியர் கைக்கும் வந்தது. இரவி வர்மா மாந்தரைத் தீட்டிப் புகழ்பெற, அவருடைய தம்பி இராஜ இராஜ வர்மா நிலக்காட்சிகளில் நாட்டம் கொண்டார். அடுத்த தலைமுறையில், 1911இல் கோவையில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர், இளமையில் கேரளத்து வாய்க்கால்களையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராகிப் பிற்பாடு 1963 முதல் சொற்களும் குறியீடுகளும் நிறைந்த ஓவியங்களுக்குச் சென்றார். கலை வரலாற்றார் அதனை வளர்ச்சி என்பர். எனக்கு அந்த வாய்க்கால்கள்மீது ஏக்கமே மிஞ்சுகிறது.

1950களின் நடுவில் அமெரிக்காவில், நீரில் கரைக்கத்தக்க அக்ரிலிக் வண்ணம் ஓவியர்களுக்கென விற்பனைக்கு வந்தது. எண்ணெய் வண்ணம் உலர நாள்கள் ஆகும். இது சில நிமிடங்களில் உலரும், நம் வெயிலில் இன்னும் விரைவாக. ஆகவே வானமும் நீரும் ஒன்றில் ஒன்று கரையும் அகன்ற ஏரிக்கு எண்ணெயே ஏற்றது. சதுப்பு நிலத்திற்கோ அக்ரிலிக் பொருந்தும்: சேற்று நிறத்தைப் பூசி, அது உலர்ந்ததும் வானத்தின் நிழலை மெல்லப் படியவைத்து, அதன்மீது கோரையையும் நாணலையும் கூரிய கோடுகளாய் இழுக்கலாம்.

கலிலேயாக் கடல் உண்மையில் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரிதான். ஏரிகளால் வாழும் நம் மக்களுக்கு அது அயலாகத் தோன்ற வேண்டியதில்லை. ஆயினும் நம் இல்லங்களில் தொங்கும் படங்களில் அது பெரும்பாலும் ஐரோப்பிய அச்சுப் படங்களின் கடலாகவே இருக்கிறது. பனைகள் நிற்கும் ஏரிக்கரையில் பேதுருவை நிறுத்த ஏன் தயங்குகிறோம்?

1966இல் பணிக்கர் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்திற்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் உள்ளது. சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீர் வந்து தங்கும் இடம் அது. பல்லாண்டுகள் மாநகரின் குப்பை அங்கே கொட்டப்பட்டது, கட்டடங்கள் எழுந்தன, பரப்பு பெரிதும் சுருங்கியது. எஞ்சியதில் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர், 2022இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. விட்ஸைப் போலக் கண்டதைக் கண்டவாறே தீட்டும் ஓவியர் ஒருவர் அதன் கரையில் அமர்ந்தால், நாரைகளுக்குப் பின்னால் அடுக்குமாடிகளையும் சேர்த்தே தீட்ட நேரும்.