கப்பல் விருந்தும் கறுப்புக் கோட்டும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் மக்கள் வழக்கிலுள்ள பழமொழி. ஒருவரின் மதிப்பில் சரிபாதியை அவர் உடுத்தியிருக்கும் துணி தீர்மானிக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் இப்பழமொழி, அந்தத் துணியைத் தீர்மானிப்பவர் யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. உடுத்துபவரா? விருந்துக்கு அழைத்தவரா? உடனமர்ந்து உண்பவரா? இக்கேள்வி நூறாண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் விவாதிக்கப்பட்டு வரும் இடம் ஒன்று உண்டு. அதுவே பயணிகள் கப்பலின் உணவுக்கூடம்.

இன்றைய உல்லாசக் கப்பல்கள் சிலவற்றில், பயணத்தின் குறிப்பிட்ட சில மாலைகள் ‘சம்பிரதாய மாலைகள்’ என அறிவிக்கப்படுகின்றன. அம்மாலைகளில் ஆடவர் கறுப்புக் கோட்டும் போ டையும் அணிந்து வரவேண்டும். பெண்டிர் நீண்ட விருந்துடையில் வரவேண்டும். ‘இம்மரபு கப்பற்பயணத்தின் உயிர், இதைக் கைவிட்டால் கப்பலுக்கும் கரையிலுள்ள உணவுவிடுதிக்கும் வேறுபாடில்லை’ என்பார் ஒரு சாரார். ‘ஓய்வுக்காகப் பணம் கொடுத்து வந்தவனைக் கழுத்தில் முடிச்சிட்டு உட்கார வைப்பது என்ன நியாயம்?’ என்பார் மறுசாரார். மரபு என்ற சொல்லை இருவருமே எடுத்தாளுகின்றனர். ஒருவர் காப்பதற்கு, மற்றவர் உடைப்பதற்கு. ஆதலின் அந்த மரபு எப்போது, எவ்வாறு பிறந்தது என்று வரலாற்றை நோக்குவது தேவையாகிறது.

மரபுக்கு முந்திய காலம்

பயணிகள் கப்பலில் விருந்துடை என்பது தொன்றுதொட்டு வந்த வழக்கமன்று. சாமுவேல் குனார்டின் நிறுவனம் 1840 ஆம் ஆண்டு ‘பிரிட்டானியா’ என்ற நீராவிக் கப்பலை அட்லாண்டிக் கடலில் செலுத்தத் தொடங்கியது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842 ஆம் ஆண்டு சனவரியில் அதே கப்பலில் அமெரிக்கா சென்றார். தமக்குக் கிடைத்த அறையின் சிறுமையைக் கண்டு அவர் திகைத்ததையும், கப்பலின் உணவுக்கூடத்தைச் சாளரங்கள் வைத்த பெரியதொரு பிண ஊர்திக்கு ஒப்பிட்டதையும் அவரது பயணநூலில் காணலாம். குளிர்காலக் கடலில் தட்டு மேசையில் நின்றாலே போதும் என்றிருந்த அக்காலத்தில், எந்தக் கோட்டு அணிவது என்ற கேள்விக்கு இடமில்லை. பயணிகள் குளிரைத் தாங்கும் உடைகளை அணிந்தனர், அவ்வளவே.

உடை விதி பிறப்பதற்கு மூன்று செய்திகள் கூடிவர வேண்டியிருந்தன. கப்பல் பெரிதாகி ஆட்டம் குறையவேண்டும். மின்விளக்கு வந்து இரவு பகலாக வேண்டும். செல்வர்கள் தம் வீட்டு வாழ்க்கையைக் கடலிலும் தொடர விரும்பவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மூன்றும் நிகழ்ந்தன. ஹாம்பர்க் - அமெரிக்க நிறுவனம் 1905 ஆம் ஆண்டு கடலில் இறக்கிய ‘அமெரிக்கா’ என்ற கப்பலில், புகழ்பெற்ற ரிட்ஸ் விடுதியின் பெயர் தாங்கிய தனி உணவகமே அமைந்தது. கப்பல் விடுதியாயிற்று, விடுதியின் உடையும் உடன் ஏறியது.

கோட்டின் கதை

மரபின் சின்னமாக இன்று போற்றப்படும் அந்தக் கறுப்புக் கோட்டின் கதை சுவையானது. இங்கிலாந்தில் மாலை விருந்துக்குரிய முறையான உடை, பின்புறம் இரு வால்கள் தொங்கும் நீண்ட கோட்டே ஆகும். பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசர், தம் நாட்டுப்புற மாளிகையில் நண்பர்களுடன் இயல்பாக உண்பதற்கென வாலில்லாத குட்டைக் கோட்டு ஒன்றை 1865 ஆம் ஆண்டு தைக்கச் செய்தார் என்பது லண்டன் ஹென்றி பூல் தையற்கடையாரின் கூற்று. நியூயார்க் நகருக்கு அருகில் 1886 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட டக்சிடோ மன்றத்தின் பெயரே, அமெரிக்காவில் அவ்வுடைக்குப் பெயராக நிலைத்தது.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. இன்று ‘மிகச் சம்பிரதாயமானது’ என்று சொல்லப்படும் இவ்வுடை, பிறந்தபோது சம்பிரதாயத்திலிருந்து விடுபட விரும்பியவர்களின் உடையாக இருந்தது. நேற்றைய தளர்வே இன்றைய கட்டுப்பாடு ஆயிற்று.

அமெரிக்க ஒழுகலாற்று நூலாசிரியர் எமிலி போஸ்ட் 1922 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கப்பல் உடையைப் பற்றி எழுதியிருப்பது இதனை உறுதிப்படுத்தும். ஆடம்பரக் கப்பல்களில் பெரும்பாலோர் இரவு உணவுக்கு உடை மாற்றிக்கொள்கின்றனர் என ஒப்புக்கொள்ளும் அவர், நடன விருந்துக்குரிய பகட்டு உடையில் கப்பலில் வருவது கீழான சுவை என்றும், அத்தகைய உடையைக் காட்டுவதற்கு வேறிடம் இல்லாதவர்களே அவ்வாறு செய்வர் என்றும் கண்டிக்கிறார். வால்கோட்டைக் கப்பலில் எந்தப் பண்பாளரும் எந்நிலையிலும் அணியார் என்பது அவர் தீர்ப்பு. ஆடம்பர உணவகத்தில் டக்சிடோ போதுமாம். மற்றைக் கப்பல்களில் சாதாரணக் கருநிறக் கோட்டே தகுமாம். ‘பழைய பொற்காலத்தில் எல்லோரும் ஒருமனதாக உடுத்தினர்’ என்று இன்று சிலர் ஏங்குவது வரலாற்றுக்கு ஒத்ததன்று. கருத்து வேறுபாடு அக்காலத்திலேயே இருந்தது.

படிக்கட்டும் பெட்டியும்

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் கப்பல் விருந்துடையின் உச்சக்காலம். 1935 ஆம் ஆண்டு பயணம் தொடங்கிய பிரெஞ்சுக் கப்பலான ‘நார்மண்டி’யின் முதல்வகுப்பு உணவுக்கூடம், வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தையும் விட நீளமானது, எழுநூறு பேர் ஒருங்கே அமரத்தக்கது. அதனுள் நுழைவோர் படிக்கட்டு ஒன்றில் இறங்கி வரவேண்டும். இறங்கி வருபவரை அமர்ந்திருப்போர் அனைவரும் காண்பர். உடை விதியை ஓலையில் எழுதி ஒட்டவேண்டிய தேவையே இல்லை. அந்தப் படிக்கட்டே விதியாக நின்றது.

பயணத்தின் முதல் இரவிலும் இறுதி இரவிலும் உடை மாற்றவேண்டியதில்லை என்ற வழக்கமும் இருந்தது. முதல் இரவில் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்பட்டிரா. கடைசி இரவில் அவை மீண்டும் கட்டப்பட்டிருக்கும். பெரிய பெட்டிகள் சில ‘பயணத்தில் வேண்டாதவை’ என்ற சீட்டு ஒட்டப்பட்டுக் கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும். கடுமையானவை எனத் தோன்றிய விதிகளும் பெட்டிக்கும் பூட்டுக்கும் ஏற்ப வளைந்தே வந்தன.

ஆயினும் இவ்வளவும் ஒரு வகுப்பாரின் கதையே. 1912 ஆம் ஆண்டு மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலில் ஏறத்தாழ எழுநூறு பேர் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்தனர். பிழைப்புத் தேடிப் புதுநாடு சென்ற அவர்களுக்கு விருந்துடை விதி ஏதுமில்லை. மேல்தளத்து உணவுக்கூடத்தில் நுழையும் உரிமையும் இல்லை. அதே கப்பலில் செல்வர் பெஞ்சமின் கக்கன்ஹைம், மீட்புப் படகில் இடமில்லை என்று உணர்ந்தபின், தம் பணியாளருடன் விருந்துடைக்கு மாறி, பண்பாளராகவே மூழ்க ஆயத்தமானார் என்று, உயிர் பிழைத்த கப்பல் ஊழியர் ஒருவர் கூறியதாக அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. உடை ஒருவருக்கு வெறும் பகட்டாகவும், மற்றொருவருக்குச் சாவின் முன் நிமிர்ந்து நிற்கும் கோலாகவும் அமையக்கூடும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று.

கிழக்குக் கடற்பாதையில்

1869 ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பி. அண்ட் ஓ. நிறுவனத்தின் கப்பல்கள் இந்தியாவையும் இங்கிலாந்தையும் நெருங்கச் செய்தன. செங்கடலின் புழுக்கத்தில் கம்பளிக் கோட்டு அணிந்து உண்பது தண்டனையாயிற்று. எனவே கோட்டைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, இடையில் ஒரு பட்டுக்கச்சை என்று அமைந்த உடைக்குச் ‘செங்கடல் உடை’ என்றே பெயர் வந்தது. ‘கம்மர்பண்ட்’ எனப்படும் அந்த இடைக்கச்சை, ‘கமர்பந்த்’ என்னும் பாரசீகச் சொல்லோடு இந்தியாவிலிருந்து ஆங்கிலேயர் பெற்றது. மேலைநாட்டு மரபின் அடையாளமாகக் கருதப்படும் உடையின் நடுவிலேயே கீழைநாட்டுத் துணி சுற்றப்பட்டிருப்பதை எண்ணிப் பார்க்கலாம்.

செல்வச் செழிப்பைக் குறிக்கும் ‘போஷ்’ என்ற ஆங்கிலச் சொல், போகும்போது இடப்புறமும் திரும்பும்போது வலப்புறமுமாக வெயில் படாத அறைகளைப் பெற்ற பயணிகளின் சீட்டுகளில் பொறிக்கப்பட்ட நான்கெழுத்துகளிலிருந்து பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அகராதியாளர் இதற்குச் சான்று எதுவும் காணவில்லை. எனினும் கப்பல் வகுப்புகளின் வேற்றுமை மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதை அக்கதை காட்டுகிறது.

இப்பாதையில் இருமுறை சென்ற ஒருவரின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1888 ஆம் ஆண்டு, பதினெட்டு வயது நிரம்பிய மோகன்தாஸ் காந்தி சட்டம் பயிலப் பம்பாயிலிருந்து கப்பலேறினார். கப்பலில் கறுப்பு உடை அணிந்தார்; கரையிறங்கும் நாளுக்கென்று வெள்ளைக் கம்பளி உடையைப் பத்திரப்படுத்தினார். கத்தியும் முட்கரண்டியும் கையாளத் தெரியாத கூச்சத்தாலும், எது புலால் கலவாதது என்று கேட்கத் துணிவில்லாமையாலும், பொது மேசைக்குச் செல்லாது அறையிலேயே உண்டதாகத் தம் வரலாற்றில் எழுதுகிறார். செப்டம்பர் இறுதியில் கரையிறங்கியபோது, வெள்ளுடையில் நின்றவர் தாம் ஒருவரே என்று கண்டு நாணினார்.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1931 ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டுக்காக அவர் ‘ராஜ்புதானா’ என்ற கப்பலில் இரண்டாம் வகுப்பில் சென்றார். இம்முறை உடுத்தியிருந்தது, 1921 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று நம் மதுரையில் ஏற்ற அரையாடை. அவ்வாண்டே பக்கிங்காம் அரண்மனை வரவேற்புக்கும் அதே உடையில் சென்றார். முன்னது பிறர் விதிக்கு அஞ்சிய உடை. பின்னது தாமே விதித்துக்கொண்ட உடை. கட்டுப்பாடு என்று பார்த்தால் பின்னதே கடுமையானது. ஆயினும் அதில் நாணம் இல்லை.

விமானம் வந்தபின்

1958 ஆம் ஆண்டு அட்லாண்டிக் கடலைக் கடக்க ஜெட் விமானச் சேவை தொடங்கியது. ஊர்போய்ச் சேரக் கப்பல் தேவையில்லை என்றானபின், கப்பலில் இருப்பதே பயணத்தின் நோக்கமாயிற்று. 1972 ஆம் ஆண்டு தோன்றிய கார்னிவல் நிறுவனம் தன் கப்பல்களைக் ‘களிப்புக் கப்பல்கள்’ என்றே விளம்பரம் செய்தது. நார்வீஜியன் நிறுவனம் 2000 ஆம் ஆண்டு, விரும்பிய நேரத்தில் விரும்பிய உடையில் உண்ணும் முறையைக் கொணர்ந்தது. 2008 ஆம் ஆண்டு முதல் அமெரிக்க விமான நிறுவனங்கள் பல பயணப்பெட்டிக்குத் தனிக்கட்டணம் பெறத் தொடங்கியதும், ஓரிரு இரவுக்கென ஒரு கோட்டைச் சுமந்து செல்வது பலருக்குப் பாரமாயிற்று. 2015 ஆம் ஆண்டு கடற்பயணத்தில் இறங்கிய வைக்கிங் நிறுவனம் சம்பிரதாய மாலைகளே இல்லாமல் தொடங்கியது. குனார்டு நிறுவனம் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. எனினும் உடை மாற்ற விரும்பாதவர் உண்பதற்கும் உலவுவதற்கும் சில கூடங்களைத் திறந்து வைக்கிறது. தத்தம் நாட்டின் முறையான தேசிய உடையையும் ஏற்கிறது.

இரு தரப்பும் நம் தீர்ப்பும்

காப்பவர் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஒருவர் உடை அவருக்கு மட்டும் உரியதன்று; எதிரில் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கும் உரியது. கல்யாண வீட்டிற்கு நாம் கசங்கிய சட்டையுடன் செல்வதில்லை. அழைத்தவரின் மகிழ்ச்சியை மதிக்கிறோம் என்பதற்கு அதுவே அறிகுறி. எதிர்ப்பவர் தரப்பிலும் நியாயம் உண்டு. விதி என்பது பலமுறை மதிப்பின் பெயரால் மனிதரைப் பிரித்திருக்கிறது. 2014 ஆம் ஆண்டு சென்னையில் வேட்டி உடுத்தி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு மன்றம் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டதும், அதே ஆண்டு அத்தகைய தடைகளை நீக்கத் தமிழக அரசு சட்டம் இயற்றியதும் நாம் அறிந்தவை.

இவ்விருவர் கண்ணிலும் படாத மூன்றாமவர் ஒருவர் உளர். அவரே பரிமாறுபவர். பி. அண்ட் ஓ. கப்பல்களின் கோவா பணியாளர் முதல் இன்றைய கப்பல் ஊழியர் வரை, மாலைதோறும் மடிப்புக் குலையாத சீருடையில் நிற்பவர் அவர். உடை விதியைப் பற்றி அவர் கருத்தை யாரும் கேட்டதில்லை. விருந்துடை மதிப்பின் அடையாளம் என்பது உண்மையாயின், அந்த மதிப்பு உண்பவரிடையே மட்டும் சுற்றி வருவது போதாது. தட்டை ஏந்தி நிற்பவரையும் எட்டவேண்டும். அந்த மதிப்பு அவரை எட்டாத கூடத்தில் எவ்வளவு உயர்ந்த கோட்டும் வெறுந்துணியே.

எனவே உடை விதியை அளக்க மூன்று கேள்விகள் போதும். அவ்விதியை ஏற்க இயலாதவருக்கு அதே கப்பலில் மதிப்பான வேறிடம் உண்டா? பிறநாட்டார் தம் மரபுடையில் தலைநிமிர்ந்து வரலாமா? அவ்விதி ஒருவரைக் கூசச் செய்கிறதா, கொண்டாடச் செய்கிறதா? இம்மூன்றிலும் தேறும் விதி நிலைக்கட்டும். தேறாதது கடலோடு போகட்டும்.

கவிஞர் பலர் கூடும் இவ்வட்டத்திற்கு இவ்வழக்குப் புதிதன்று. யாப்பா, யாப்பின்மையா என்று நாமும் பத்தாண்டுகளாக வாதிட்டு வருகிறோம். வெண்பாவை விரும்பி எழுதுபவருக்குத் தளை சுமையன்று; வற்புறுத்தி எழுதவைக்கப்பட்டவருக்கு அது விலங்கு. இரு சாராரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணவும் ஒருவர் பாட்டை மற்றவர் கேட்கவும் இயன்றமையாலேயே நம் வட்டம் பத்தாம் ஆண்டைக் கண்டிருக்கிறது. இனிவரும் ஆண்டுகளிலும் இப்பந்தி எவரையும் வாயிலில் நிறுத்தி உடை பார்க்காதிருக்கட்டும்.