1948: அயோவா விவசாயி போட்ட ஓட்டு



தேர்தல் முடிந்த மறுநாள் டிவியில் ஒரு பேச்சு கட்டாயம் வரும். "கிராமத்து ஓட்டு அப்படியே அந்தக் கட்சிக்குப் போயிருச்சு" என்பார்கள். கிராமம் என்றால் ஒரே மூட்டை, அவிழ்த்துப் பார்க்க வேண்டியதில்லை என்கிற மாதிரி. இது நம்ம நாட்டுப் பழக்கம் மட்டும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கூடவே இன்னொரு பழக்கமும் உண்டு. அதிபரின் நாலு வருஷ ஆட்சிக்கு நடுவில் ஒரு தேர்தல் வரும். அதன் முடிவை வைத்து அடுத்த அதிபர் யார் என்று அடித்துச் சொல்லிவிடுவார்கள்.

இந்த இரண்டு கணக்கும் சேர்ந்து பொய்த்த வருஷம் 1948. பொய்க்க வைத்ததில் மக்காச்சோளம் போட்ட விவசாயிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

முதலில் அந்த நாட்டு ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அதிபருக்கு நாலு வருஷம். பிரதிநிதிகள் சபை உறுப்பினருக்கு இரண்டே வருஷம். செனட் உறுப்பினருக்கு ஆறு வருஷம், அதில் மூன்றில் ஒரு பங்குப் பேர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தலுக்கு வருவார்கள். ஆக, அதிபர் வந்து இரண்டு வருஷம் ஆனதும் சபை முழுவதற்கும், செனட்டில் ஒரு பகுதிக்கும் தேர்தல். இதுதான் இடைக்காலத் தேர்தல். ஒரு எம்.எல்.ஏ. இறந்துபோனால் இங்கே வருகிற இடைத்தேர்தல் வேற, இது வேற.

1945 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தார். துணை அதிபராக இருந்த ஹாரி ட்ரூமன் அந்த இடத்துக்கு வந்தார். மிசௌரி மாநிலத்துக்காரர், ஜனநாயகக் கட்சி. இளவயதில் பத்து வருஷத்துக்கு மேல் குடும்பப் பண்ணையில் பாடுபட்டவர். கல்லூரிப் பட்டம் கிடையாது. அணுகுண்டு போட உத்தரவு கொடுத்தவரும் இவர்தான், அதை மறக்க முடியாது. ஆனால் பள்ளிக்கூடப் படிப்போடு மண்வெட்டி பிடித்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதில் எனக்கு ஒரு ஆச்சரியம் உண்டு.

1946-ல் இடைக்காலத் தேர்தல். போர் முடிந்த நேரம். கடையில் இறைச்சி கிடைக்கவில்லை, விலைவாசி ஏறுகிறது, ஆலைகளில் வேலைநிறுத்தம். சனங்களுக்கு வந்த கோபத்தில் ட்ரூமன் கட்சி மண்ணைக் கவ்வியது. எதிரணியான குடியரசுக் கட்சி சபையில் 55 இடம் கூடுதலாகப் பிடித்து 246-க்குப் போனது. செனட்டிலும் 51க்கு 45 என்று அவர்கள் கைதான் ஓங்கியது. ட்ரூமனின் சொந்தக் கட்சி ஆளான ஃபுல்பிரைட் என்ன சொன்னார் தெரியுமா? எதிர்க்கட்சிக்காரர் ஒருவரை வெளியுறவு அமைச்சராக்கி, அவரிடம் பதவியை விட்டுவிட்டு ட்ரூமன் விலகிக்கொள்ளலாம் என்றார். அப்போது துணை அதிபர் யாரும் இல்லை, அதனால் அடுத்த இடம் வெளியுறவு அமைச்சருக்கு. நிலைமை அவ்வளவு மோசம்.

அதனால் 1948 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் தாமஸ் டூயிதான் ஜெயிப்பார் என்று படித்தவர்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ட்ரூமன் கட்சியே மூன்றாக உடைந்து கிடந்தது. கருத்துக்கணிப்பு நடத்திய எல்மோ ரோப்பர், செப்டம்பர் தொடக்கத்திலேயே இனிமேல் கணக்கெடுக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். நியூஸ்வீக் பத்திரிகை 50 அரசியல் எழுத்தாளர்களைக் கேட்டது. 50 பேரும் டூயி என்றார்கள். காலப் நிறுவனத்தின் கடைசிக் கணிப்பில் டூயி 5 சதவீதம் முன்னால் நின்றார்.

விவசாயிகளைப் பற்றி அவர்கள் வைத்திருந்த கணக்கு இன்னும் சுலபம். மத்திய மேற்குப் பகுதி விவசாயி பரம்பரையாகக் குடியரசுக் கட்சிக்காரன். 1930-களின் கஷ்டத்தில் ரூஸ்வெல்ட் பக்கம் போனான். போர்க் காலத்தில் நல்ல விலை கிடைத்தது, கையில் காசு சேர்ந்தது. வயிறு நிறைந்தவன் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டான். 1944-லேயே அயோவா, விஸ்கான்சின், ஒஹையோ மூன்றும் டூயிக்கு ஓட்டுப் போட்டிருந்தன. அப்புறம் என்ன கேள்வி?

இங்கேதான் குதிர் கதை வருகிறது.

கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன் என்று ஒரு அரசு நிறுவனம், 1933-ல் ஆரம்பித்தது. விளைச்சலைச் சேமித்து வைத்து, அதை அடமானமாகக் காட்டினால் ஆதரவு விலைக்குக் கடன் கொடுக்கும். சந்தையில் விலை ஏறினால் விவசாயி விற்றுக் கடனை அடைக்கலாம். விலை விழுந்தால் தானியத்தை அரசிடமே விட்டுவிட்டு வாங்கிய பணத்தை வைத்துக்கொள்ளலாம். நல்ல திட்டம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: தானியம் அங்கீகரித்த சேமிப்புக் குதிரில் இருக்க வேண்டும். களத்தில் குவித்து வைத்திருந்தால் கடன் கிடையாது.

1948 ஜூனில் அந்த நிறுவனத்துக்குப் புதுச் சட்டம் வந்தது. இனிமேல் அது புதிதாகச் சேமிப்பு இடம் வாங்கக் கூடாது என்று ஒரு விதியை நாடாளுமன்றம் அதில் நுழைத்திருந்தது. நகரத்துப் பத்திரிகைகள் கண்டுகொள்ளவில்லை. இதில் இன்னொன்றையும் சொல்லணும், அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் ட்ரூமன்தான்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்து மக்காச்சோளம் வரலாறு காணாத விளைச்சல். வைக்க இடமில்லை. இடமில்லை என்றால் கடனில்லை. கடனில்லை என்றால் சந்தையில் கேட்ட விலைக்குத் தள்ளிவிடணும். எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளினால் விலை என்ன ஆகும்? மளமளவென்று இறங்கியது. அறுத்த நெல்லைச் சாலையோரம் கொட்டி, தார்ப்பாய் போட்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு காவல் இருந்தவனுக்கு இதைப் படிக்கும்போதே வயிறு கலங்கும்.

ட்ரூமன் இதைப் பிடித்துக்கொண்டார். செப்டம்பர் 18, அயோவாவில் டெக்ஸ்டர் என்ற சின்ன ஊர். தேசிய உழவுப் போட்டி நடக்கிறது, பெருங்கூட்டம். குடியரசுக் கட்சி நாடாளுமன்றம் விவசாயியின் முதுகில் வைக்கோல் அள்ளுகிற கவைக்கம்பைக் குத்திவிட்டது என்று பேசினார். அப்புறம் ரயிலிலேயே 20,000 மைலுக்கு மேல் சுற்றினார். பெட்டியின் பின்வாசலில் நின்றபடி ஊர் ஊராகப் பேச்சு. டூயியோ, ஜெயித்தாகிவிட்டது என்கிற நினைப்பில் ஒற்றுமை, எதிர்காலம் என்று பொதுவாகப் பேசினார். குதிரைப் பற்றிக் கவலைப்பட்டவனுக்கு அதில் பதிலில்லை.

நவம்பர் 2-ம் தேதி ஓட்டுப்பதிவு. அன்று இரவே சிகாகோ டெய்லி ட்ரிப்யூன், டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டது. விடிந்து பார்த்தால் ட்ரூமன் 303, டூயி 189. 1944-ல் டூயி பக்கம் இருந்த அயோவா, விஸ்கான்சின், ஒஹையோ மூன்றும் ட்ரூமனிடம் வந்துவிட்டன. ஒஹையோவில் வித்தியாசம் சுமார் 7,000 ஓட்டுதான். 1946-ல் இழந்த சபையையும் செனட்டையும் ஜனநாயகக் கட்சி திரும்பப் பிடித்தது. 1944-ல் தங்களிடம் இருந்த விவசாயி ஓட்டை இழந்ததுதான் தோல்விக்குக் காரணம் என்று டூயியே பின்னால் எழுதினார்.

எல்லாம் விவசாயியால்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆலைத் தொழிலாளிகள் ட்ரூமன் பக்கம் நின்றார்கள். ராணுவத்தில் நிறப்பாகுபாட்டை நீக்க அவர் ஜூலையில் போட்ட உத்தரவு, வடக்கு நகரங்களில் இருந்த கறுப்பின மக்களின் ஓட்டைக் கொண்டுவந்தது. ஆனால் கணிப்பாளர்கள் கேட்காமலே விட்ட ஆள் விவசாயிதான். ஏனென்றால் அவன் பதில் ஏற்கெனவே தெரியும் என்று நினைத்தார்கள்.

சரி, இடைக்காலத் தேர்தல் ஏன் வழி காட்டவில்லை? 1946-ல் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 3.4 கோடி. 1948-ல் கிட்டத்தட்ட 4.9 கோடி. வந்த ஆட்களே வேற. கேள்வியும் வேற. முதல் தேர்தலில் 'இந்த ஆட்சி மேல் கோபமா?' என்று கேட்கிறார்கள். இரண்டாவதில் 'இவரா, அவரா?' என்று கேட்கிறார்கள். 1994-ல் கிளின்டன் கட்சி இடைக்காலத் தேர்தலில் படுத்துவிட்டது, 1996-ல் அவரே ஜெயித்தார். 2010-ல் ஒபாமா கட்சி சபையில் 63 இடம் இழந்தது, 2012-ல் ஒபாமாதான் மறுபடியும். சில தடவை பொருந்தவும் செய்யும். 2006-ல் அடித்த காற்று 2008-லும் அடித்தது. பொருந்துவதை மட்டும் எண்ணினால் எந்தச் சோசியமும் பலிக்கும்.

கிராமத்து ஓட்டு என்ற மூட்டையையும் கொஞ்சம் அவிழ்ப்போம். 1948-ல் ட்ரூமனுக்குப் போட்ட அயோவா 1952-ல் எதிர்க்கட்சிக்கு மாறியது. 2008, 2012-ல் ஒபாமாவுக்குப் போட்ட அதே அயோவா, 2016-ல் ட்ரம்புக்குப் போட்டது. இன்றைக்குக் குடியரசுக் கட்சிக் கோட்டையாக இருக்கிற வடக்கு டகோட்டாவில், விவசாயிகள் ஓர் அமைப்பாகத் திரண்டு ஆட்சியைப் பிடித்து, 1919-ல் மாநில அரசுக்கே சொந்தமாக ஒரு வங்கி தொடங்கினார்கள். அது இன்னும் நடக்கிறது.

அலபாமாவில் பிளாக் பெல்ட் என்று ஒரு பகுதி. கரிசல் மண்ணால் வந்த பெயர், நம்ம கோவில்பட்டிப் பக்கம் மாதிரி பருத்தி பூமி. அசல் கிராமம். இன்றைக்கு அங்கே ஜனநாயகக் கட்சிக்குத்தான் ஓட்டு அதிகம், ஏனென்றால் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அங்கே லௌண்டஸ் மாவட்டத்தில் 1965 தொடக்கத்தில் ஒரு கறுப்பினத்தவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. ஊரில் பெரும்பான்மை அவர்கள்தான், ஓட்டு இல்லை. 'கிராமத்தான் இப்படித்தான்' என்று அந்தக் காலத்தில் சொன்னவர்கள், இவர்களைக் கிராமத்தில் சேர்த்தே எண்ணவில்லை.

நகரத்தில் இருக்கிற உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு ஊர் ஓட்டு மாறினால் சாதி, காசு, அறியாமை என்று உடனே காரணம் சொல்லாதீங்க. அதுவும் இருக்கலாம், இல்லைன்னு சொல்லலை. ஆனால் அந்த வருஷம் விளைச்சல் எப்படி, விலை என்ன, வைக்க இடம் இருந்ததா என்று முதலில் விசாரியுங்கள். 1948-ல் அந்த 50 எழுத்தாளர்களில் யாராவது ஒருவர் ஒரு களத்து மேட்டுக்குப் போய், குவிந்து கிடந்த மக்காச்சோளத்தைப் பார்த்திருந்தால், தன் கணக்கைக் கொஞ்சம் யோசித்திருப்பார்.