கொடியடுப்பும் புகைபோக்கியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கல்லூரியில் ஆற்றல் சிக்கனம் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. பேச வந்த பொறியாளர் நல்ல மனிதர். படங்களோடு தயாராக வந்திருந்தார். குண்டு பல்புக்குப் பதில் எல்.இ.டி., நட்சத்திரக் குறி பார்த்து வாங்க வேண்டிய ஃப்ரிட்ஜ், வெயில் இறங்காமலிருக்க மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இல்லத்தரசிகள் மனம் வைத்தால் நாட்டின் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று முடித்தார். கேள்வி நேரத்தில் முதுகலை மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், எங்க வீட்ல சிலிண்டர் இருக்கு. ஆனா சோறும் வெந்நியும் வெறகுலதான். அதுக்கு ஏதாவது சொல்லுங்க." அரங்கில் சிரிப்பு. "அதான் அரசாங்கம் கேஸ் குடுத்துருச்சேம்மா" என்றார் அவர். அவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குள் நெடுநாள் கிடந்தது. வீட்டில் ஆற்றலைச் சேமிப்பது ஏதோ நேற்று வந்த அறிவு போலவும், அதைப் பெண்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது போலவும் பேசுகிறோம். இந்த அறிவுக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பெண்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தேடப் போனேன்.

முதலில் என் அப்பத்தாவின் அடுப்பிலிருந்து தொடங்குகிறேன். மானாமதுரைப் பக்கத்துக் கிராமம். கரம்பை மண்ணில் உமியும் சாணியும் சேர்த்துப் பிசைந்து, இரண்டு நாள் புளிக்கவிட்டு, அப்பத்தாவே போட்ட அடுப்பு அது. முன்னால் பெரிய அடுப்பு. பக்கவாட்டில் ஒரு துளை வழியாக அதோடு இணைந்த சின்ன அடுப்பு. அதற்குக் கொடியடுப்பு என்று பெயர். கொடியில் தனியாக விறகு வைப்பதில்லை. சோற்றுப்பானையைச் சுட்டது போக மீந்த தீ துளை வழியே போய்க் குழம்பைக் கொதிக்க வைக்கும். வீணாகும் வெப்பத்தை இரண்டாம் முறை பயன்படுத்துவது என்று இன்று பொறியியல் பாடத்தில் சொல்கிறார்கள். அப்பத்தா அதைத் தன் அம்மாவிடம் கற்றார்.

அடுப்பு மட்டுமா? ஈர விறகு அடுப்புக்கு மேலே பரணில் காயும். வெந்ததும் கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்துவிடுவார். அந்தக் கரி இன்னொரு நாளைக்கு. மிச்சத் தணலில் பால் சட்டி மத்தியானம் முழுக்கச் சுண்டும். தணலைச் சாம்பலில் மூடி வைத்தால் சாயங்காலம் தீப்பெட்டி வேண்டாம். வீட்டில் நெருப்பு இல்லாவிட்டால் ஒரு துண்டு வறட்டியோடு பக்கத்து வீட்டுக்குப் போய் வாங்கி வருவார்கள். பழைய சோறும் இந்தக் கணக்கில் வரும். இப்போது அதன் சத்துகளைப் பற்றிக் காணொளிகள் வருகின்றன. ஒருமுறை மூட்டிய தீயில் இரண்டு வேளைக்கு உண்ணும் வழி என்பதுதான் எங்கள் வீட்டில் அதன் முதல் பொருள். சுடுசோறு ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும். பானையின் அடியில் ஆறிக் கிடப்பது அப்பத்தாவுக்கு. சேமிக்கப்பட்ட வெப்பத்தில் ஒரு பங்கு அவருடைய வயிற்றிலிருந்து வந்தது.

இதற்கெல்லாம் நாம் வைத்த பெயர் சிக்கனம். சிக்கனம் என்பது குணம். குணத்துக்குக் காப்புரிமை இல்லை, சம்பளம் இல்லை, வரலாறும் இல்லை. இதையே ஓர் ஆண் கோட்டு சூட்டோடு செய்யும்போது அது கண்டுபிடிப்பாகிறது. இதைக் கசப்போடு சொல்லவில்லை. அந்த ஆண்களில் சிலர் மெய்யான அக்கறையோடுதான் அடுக்களைக்குள் வந்தார்கள்.

ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு அவர்களில் ஒருவர். அவர் வடிவமைத்த புகையில்லா மண்ணடுப்பு அந்த ஆய்வுக்கூடத்தின் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு 'ஹெர்ல்' அடுப்பு என்று அழைக்கப்பட்டது. கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய ஆங்கில நூலை 1953இல் சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வெளியிட்டது. அதற்குச் சற்று முன்பே, நம் குமரப்பா பொறுப்பேற்று நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் இருப்பிடமான வார்தா மகன்வாடியில் 'மகன் சூலா' என்ற புகைபோக்கி அடுப்பு உருவாகியிருந்தது. இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான். தீயை மூடு, பானைகளைத் துளைகளில் இறுக்கமாக உட்கார வை, மிஞ்சும் வெப்பத்தை அடுத்த பானைக்குக் கடத்து, கடைசியில் புகையைக் குழாய் வழியே கூரைக்கு வெளியே அனுப்பு. நம் கொடியடுப்போடு புகைபோக்கியும் இழுப்புத் தகடும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ராஜுவின் முதல் கவலை பெண்களின் கண்ணும் நெஞ்சும் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பின்னால் வந்தவர்கள் மறந்தார்கள்.

1973இல் பெட்ரோலிய நெருக்கடி வந்தது. விறகுத் தட்டுப்பாட்டையும் ஓர் ஆற்றல் நெருக்கடியாக உலகம் பேசத் தொடங்கியது. காடு அழிகிறது, காரணம் ஏழைப் பெண்களின் அடுப்பு என்ற வாதம் கிளம்பியது. சுள்ளி பொறுக்கும் கைக்கும் மரம் அறுக்கும் ஆலைக்கும் வித்தியாசம் தெரியாத வாதம். நிலமில்லாத பெண் வெட்டுவதற்கு மரம் ஏது? சீமைக்கருவேல முள்ளையும் காய்ந்த மட்டையையும்தான் அவள் சுமந்து வருகிறாள். பீனா அகர்வால் 1986இல் வெளியிட்ட விறகு நெருக்கடி பற்றிய நூலில், இந்தப் பிரச்சினையை நிலவுடைமையிலிருந்தும் வீட்டுக்குள் யார் முடிவெடுக்கிறார்கள் என்பதிலிருந்தும் பிரித்துப் பார்க்க முடியாது என்று காட்டினார். ஆனால் கொள்கை வகுத்தவர்கள் மரத்தை எண்ணினார்கள். நுரையீரலை எண்ணவில்லை.

இந்த இரண்டு கணக்குகளும் எப்போதும் ஒன்றாகப் போவதில்லை. புகைபோக்கி சமையலறைப் புகையைக் குறைக்கும். ஆனால் அது காற்றை வேகமாக இழுத்தால் வெப்பத்தையும் சேர்த்து வெளியே கொண்டுபோய்விடும். விறகு மிச்சமாக வேண்டுமா, மூச்சு மிச்சமாக வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வோர் அடுப்புக்குள்ளும் இருந்தது. அதற்கு விடை சொல்ல வேண்டியவளிடம் யாரும் கேட்கவில்லை.

1983-84இல் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. திறந்த அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்து சதவீதம்தான் பானையில் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டு, புதிய மண்ணடுப்புகளுக்குக் குறைந்தது இருபது சதவீதம் என்று இலக்கு வைத்தார்கள். அந்தப் பத்து சதவீதக் கணக்கே ஆட்டம் கண்டது. காற்றை மறைத்து, விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பொறுமையாக எரித்தால் மூன்று கல் அடுப்புகூட அதைவிடக் கணிசமாக அதிகம் தரும் என்று பிற்காலச் சோதனைகள் காட்டின. அடுப்பு தானாக எரிவதில்லை. அருகில் உட்கார்ந்து எரிப்பவளின் கையும் அதில் ஒரு பகுதி. அந்தக் கையைக் கழித்துவிட்டுத்தான் அடுப்பை அளந்திருந்தார்கள்.

திட்டம் பரவியது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் போடப்பட்டன என்கிறது கணக்கு. 2002இல் மத்திய அரசு திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அதற்குள் பெரும்பாலான அடுப்புகள் உடைந்தோ, இடிக்கப்பட்டோ, கோழி அடையும் மூலையாகவோ ஆகியிருந்தன. பெண்களுக்குப் பழக்கத்தை மாற்ற மனமில்லை என்று சொல்லப்பட்டது. உண்மையில் என்ன நடந்தது? அடுப்பு வாய் சிறியது. விறகைச் சின்னதாகப் பிளக்க வேண்டும். கோடாரி எடுப்பது யார்? பானைத் துளை ஒரே அளவு. ஆனால் வீட்டில் இருப்பது பொங்கப்பானை, பால் சட்டி, தோசைக்கல். ஒரு பானை மட்டும் வைத்தால் மற்றத் துளையில் புகை கக்கும். கூரையைத் துளைத்த குழாய் மழையில் ஒழுகும், கீற்றில் தீப்பிடிக்குமோ என்ற பயம் வேறு. மாதம் ஒருமுறை கரி தட்ட வேண்டும். இத்தனை புதிய வேலைகளும் சேமிப்பு என்ற பெயரில் ஒருத்தியின் நாளில் சேர்ந்தன.

எஸ்தர் துஃப்லோவும் உடன் இருவரும் ஒடிசாவில் நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. புதிய அடுப்பு வந்த முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்துவிட்டது. காரணம், அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்துவதும் பழுது பார்ப்பதும் குறைந்தன. இதைப் படித்த பலர் பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழுது பார்க்கும் வேலைக்கு நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எனக்குத்தான் வருகிறதா?

வேறு மாதிரிச் செய்தவர்களும் உண்டு. சண்டிகருக்கு அருகே நாடா என்ற கிராமத்தில் மது சரீன் என்ற கட்டடக் கலைஞர் 1980களில் பெண்களோடு உட்கார்ந்து அடுப்பை மாற்றி மாற்றிப் போட்டார். யார் வீட்டில் என்ன பாத்திரம், ரொட்டியை எங்கே சுடுவார்கள் என்று பார்த்து வீட்டுக்கு வீடு அளவு மாறியது. கிராமத்துப் பெண்களே கொத்தர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா ரெட்டியின் குழு, விறகு தேடிப் பெண்களும் குழந்தைகளும் நடந்த மணிநேரங்களையும் ஆற்றல் கணக்கில் சேர்த்தது. அங்கே பிறந்த மூன்று பானை அடுப்புக்கு 'அஸ்த்ரா ஒலெ' என்று பெயர். ஒலெ கன்னடச் சொல், நம் உலையின் உடன்பிறப்பு. தமிழில் உலை கொல்லனுடைய பட்டறைக்கும் போயிற்று, சோற்றுப்பானைக்கும் வந்தது. முதலாவதில் வேலை செய்தவரைத்தான் தொழிலாளி என்றோம்.

புகையை அளந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிர்க் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடையிலேயே கருவியை மாட்டி அளந்த முடிவு 1983இல் வெளியானது. சமைக்கும் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 7 மில்லிகிராம் தூசு. ஆலைப் புகைக்கும் வாகனப் புகைக்கும் சட்டம் இருந்த நாட்டில் இதற்குச் சட்டம் ஏதுமில்லை. ஏனென்றால் வீடு தனிப்பட்ட இடம். சென்னையில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு தமிழகக் கிராம வீடுகளில் இந்த அளவீட்டைத் தொடர்ந்தது. வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

அப்பத்தா அந்த ஆண்டுக் கணக்கில் இல்லை. அவர் முன்பே போய்விட்டார். கடைசி மூன்று வருடம் படுத்துத் தூங்கியதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். மருத்துவமனையில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். "சுருட்டு, பீடிப் பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றோம். வீட்டில் யாராவது புகைப்பார்களா? தாத்தா இறந்து இருபது வருடமாயிற்று. அவர் அத்தோடு விட்டுவிட்டார். அடுப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. நான் அப்போது முனைவர் பட்டம் முடித்திருந்தேன். அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு என்ற பழமொழியை மேடைதோறும் எதிர்த்துப் பேசியவள் நான். அந்தப் பழமொழியில் ஊதும் வாயையும் அதற்குப் பின்னாலிருக்கும் நெஞ்சையும் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

பிறகு எரிவாயு வந்தது. 2007இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா. இது பெரிய மாற்றம்தான், குறைத்துச் சொல்ல மாட்டேன். அம்மா முதல்முதலாகத் திருகைத் திருகி நீலத் தீயைப் பார்த்தபோது ஒரு அடி பின்னால் போனது நினைவிருக்கிறது. 2011இல் மிக்சியும் கிரைண்டரும் வந்தபோது மின்சாரம் வீணாகிறது, இலவசம் சோம்பேறியாக்குகிறது என்றார்கள். ஆட்டுக்கல்லைச் சுற்றிய தோளின் ஆற்றல் எந்த மீட்டரிலும் ஓடவில்லை. அதனால் கிரைண்டர் வந்ததும் செலவு புதிதாக முளைத்தது போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அடுப்பு கொடுப்பது ஒருமுறை, சிலிண்டர் வாங்குவது ஒவ்வொரு முறையும். 2022இல் அதன் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. நூறு நாள் வேலையில் கிடைக்கும் கூலியை வைத்து அதைக் கணக்கிட்டுப் பாருங்கள். முள் விறகுக்குக் காசில்லை, உழைப்பு மட்டும்தான். வீட்டில் காசை எண்ணுகிறார்கள், உழைப்பை எண்ணுவதில்லை. எனவே டீயும் விருந்தாளிகளும் சிலிண்டரில், சோறும் வெந்நீரும் விறகில். அரங்கம் சிரித்தது இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான்.

கூட்டத்துக்குப் பிறகு அந்த மாணவியை அழைத்துப் பேசினேன். அடுத்த பருவத்தில் பத்துப் பேர் சேர்ந்து அவரவர் வீட்டு அடுப்பைப் பற்றி எழுதினார்கள். என்ன எரிகிறது, யார் கொண்டு வருகிறார், எத்தனை மணி நேரம், சமைக்கும்போது யார் பக்கத்தில் இருக்கிறார். இரண்டு பேருடைய வீட்டில் கைக்குழந்தை மடியில் இருந்தது. அந்த மாணவியின் வீட்டில் ஒரு சிலிண்டர் ஏழு மாதம் வருகிறது. வீட்டுக்குப் பின்னால் தகரச் சார்ப்பின் கீழே இரட்டை அடுப்பு. அவள் ஸ்கேல் வைத்து அளந்து படம் வரைந்திருந்தாள். வாயின் அகலம், துளையின் சாய்வு, கொடியின் உயரம் எல்லாம் அங்குலத்தில். படத்துக்குக் கீழே, வடிவமைத்தவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில், அவளுடைய அம்மாவின் பெயர் இருந்தது. புகைபோக்கி இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். குழாய் வாங்க எண்ணூறு ரூபாய் ஆகும் என்று அப்பா சொல்லிவிட்டாராம்.