நடைமுறைத் தரவுகளும் சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடும்: தமிழ்நாட்டுக் காசநோய்ச் சிகிச்சை வரலாறு (1956–2022)

முன்னுரை

ஒரு மருந்தையோ பரிசோதனைக் கருவியையோ பொதுச்செலவில் வழங்கலாமா என்பதை அதன் பயன், செலவு, சமவாய்ப்பு ஆகியவற்றைக் கொண்டு ஆராயும் முறை சுகாதாரத் தொழில்நுட்ப மதிப்பீடு எனப்படும். இந்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை இதற்கெனத் தேசிய அமைப்பொன்றை 2017இல் ஏற்படுத்தியது. கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகளோடு, அன்றாடச் சிகிச்சையில் திரளும் பதிவேடுகளாகிய நடைமுறைத் தரவுகளும் இம்மதிப்பீட்டிற்குச் சான்றாகின்றன. இவ்விருவகைச் சான்றுகளுக்கும் இடையிலான தொலைவைத் தமிழ்நாட்டுக் காசநோய்ச் சிகிச்சை வரலாற்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்னை ஆய்வும் தேசியத் திட்டமும்

1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். மருந்துகள் ஓராண்டு வழங்கப்பட்டன. வீட்டுச் சிகிச்சை தாழ்ந்ததன்று என்பதை 1959இல் வெளியான முடிவுகள் காட்டின. படுக்கைகள் போதாத நாட்டிற்கு இது பெருந்திறப்பாக அமைந்தது. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் புறநோயாளர் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது.

எனினும், அவ்வாய்வில் வீடு தேடிச்சென்ற கண்காணிப்பும் சிறுநீர்ச் சோதனையும் உடனிருந்தன. திட்டம் நாடெங்கும் விரிந்தபோது மருந்து சென்றது. கண்காணிப்பு அதே அளவில் செல்லவில்லை. சிகிச்சை தொடங்கியவர்களுள் பாதிக்கும் குறைவானோரே அதனை முடித்தனர் என்பதை 1992ஆம் ஆண்டு மீளாய்வு வெளிப்படுத்தியது. மாறாதிருந்தது மருந்தின் ஆற்றல்; மாறியது அது வழங்கப்பட்ட சூழல்.

திருவள்ளூர்ப் பதிவேடுகள்

1999இல் திருவள்ளூர் மாவட்டத்தின் ஒரு பகுதியில் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சை நடைமுறைக்கு வந்தது. அங்கு வெற்றிகரமாகச் சிகிச்சை முடித்ததாகப் பதிவான 503 பேரை 18 மாதங்கள் தொடர்ந்தபோது 62 பேருக்கு, அதாவது 12 விழுக்காட்டினருக்கு, நோய் மீண்டது. மருந்தை ஒழுங்கின்றி உட்கொள்ளல், தொடக்கத்திலேயே இருந்த மருந்தெதிர்ப்பு, புகைத்தல், மது ஆகியவை இதனோடு தொடர்புற்றிருந்தன. ‘குணமடைந்தார்’ என்னும் பதிவோடு மதிப்பீட்டை முடித்திருந்தால், மறுசிகிச்சைக்கான செலவும் துன்பமும் கணக்கிற்கே வந்திரா.

இறப்பைக் குறித்த தரவுகள்

காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரு மாதங்களில் நிகழ்கிறது. இதனைக் கருத்திற்கொண்டு, 2022 ஏப்ரலில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ சென்னை நீங்கலான மாவட்டங்களில் தொடங்கியது. மேல்மலையனூர், செஞ்சி வட்டங்களைக் கொண்ட விழுப்புரம் மாவட்டமும் இவற்றுள் ஒன்று. உடல் நிறைக் குறியீடு, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, இரத்த ஆக்சிஜன் அளவு, தாங்கலின்றி நிற்கும் திறன் ஆகியவற்றை நோய் கண்டறியும் இடத்திலேயே பார்த்து, கடும் நலிவுற்றோரை உடனே உள்நோயாளியாகச் சேர்ப்பது இதன் வழிமுறையாகும். எடைகாட்டியும் ஒரு தாளும்கூட மதிப்பீட்டிற்குரிய தொழில்நுட்பமே என்பதை இத்திட்டம் உணர்த்துகிறது.

நடைமுறைத் தரவுகளுக்கும் வரம்பு உண்டு. நோய் கண்டறியப்படாமலே இறந்தவர் பதிவேட்டில் இல்லை. தனியார் மருத்துவர்களும் நோயாளர் விவரம் அறிவிக்க வேண்டும் என்ற ஆணை 2012இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய எண்ணிக்கையைப் பிந்தையதோடு நேராக ஒப்பிடுவது பிழையான முடிவிற்கு இட்டுச்செல்லும்.

முடிவுரை

கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வு ஒரு சிகிச்சையால் இயல்வதைக் கூறுகிறது. பதிவேடு அது மக்களிடம் சேர்ந்த விதத்தைக் கூறுகிறது. தேசிய மதிப்பீடு முன்னதை மட்டும் கொள்ளுமாயின், 1962க்குப் பின் நேர்ந்த இடைவெளி மீண்டும் நேரும். பின்னதைக் கொள்ளும்போது, பதிவேட்டிற்குள் வராதவர் யார் என்னும் வினாவும் மதிப்பீட்டின் பகுதியாதல் வேண்டும். அவ்வினா எழாதவிடத்து, மிக நலிந்தோரின் இழப்பு செலவுக் கணக்கில் சிக்கனமாகத் தோன்றிவிடும்.