ஓ.டி. என்றால் என்ன? மருந்துச் சீட்டின் ரெண்டெழுத்து வரலாறு

ஓ.டி.ன்னா என்னங்க?

கம்பெனியில் வேலை பார்க்கிறவரைக் கேட்டால் "ஓவர்டைம்" என்பார். காலேஜ் பையனைக் கேட்டால் "ஆன் டியூட்டி" என்பான்.

பொது மருத்துவர் சீட்டில் எழுதினால் "தினமும் ஒருவேளை". கண் டாக்டர் எழுதினால் "வலது கண்". அவசர சிகிச்சைப் பிரிவின் கேஸ் ஷீட்டில் இருந்தால் "ஓவர்டோஸ்", அதாவது அளவுக்கு மீறி மருந்து எடுத்தவர்.

எழுத்து ரெண்டு. அர்த்தம் ஐந்து.

முதல் ரெண்டில் குழம்பினால் சம்பளமோ அட்டெண்டன்ஸோ போகும். மீதி மூன்றில் குழம்பினால் உயிரே போகலாம்.

பார்க்க ஆங்கிலம் மாதிரி இருந்தாலும், சீட்டில் இருக்கும் ஓ.டி. லத்தீன். "ஓம்னி டீயே" என்றால் ஒவ்வொரு நாளும். பி.டி. என்பது "பிஸ் டீயே", தினம் ரெண்டு வேளை. டி.டி.எஸ். என்பது "டெர் டீயே சூமெண்டும்", தினம் மூணு வேளை. ஹெச்.எஸ். என்பது "ஹோரா சோம்னி", படுக்கப் போகும் நேரம்.

கண் மருத்துவத்தின் ஓ.டி.யும் லத்தீன்தான். "ஆக்குலஸ் டெக்ஸ்டர்", வலது கண்.

சரி, நம்ம ஊர் காய்ச்சல் மாத்திரைக்கு எதுக்குங்க லத்தீன்?

அதுக்கு 400 வருஷம் பின்னால் போகணும்.

1618-ல் லண்டன் மருத்துவர் கல்லூரி ஒரு மருந்து செய்முறை நூலை வெளியிட்டது. முழுக்க லத்தீன். மருந்து தயாரிப்பவர்கள் அதன்படியே தயாரிக்கணும் என்பது அரசாணை. சாமானிய மக்களுக்கு லத்தீன் தெரியாது.

1649-ல் நிக்கோலஸ் கல்பெப்பர் என்பவர், கல்லூரியைக் கேட்காமலே அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஏழை எளியவர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்பதுதான் அவர் எண்ணம். வைத்தியர்கள் தரப்பில் கடும் கோபம்.

1864-ல் முதல் பிரிட்டிஷ் மருந்து நூல் வந்தபோது அதுவே ஆங்கிலத்தில்தான் வந்தது. கல்பெப்பர் ஜெயித்துவிட்டார்னு சொல்லலாம். ஆனால் பாதிதான். நூல் மாறியது, சீட்டில் எழுதும் சுருக்கெழுத்து மாறவே இல்லை.

1835-ல் சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். இன்றைய மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் அதுதான். பாடத்தோடு அந்தச் சுருக்கெழுத்தும் நம்ம ஊருக்கு வந்தது. நாங்களும் அதைத்தான் படித்தோம், அதைத்தான் எழுதுகிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க.

அந்தக் காலத்தில் லத்தீன் சீட்டு டாக்டருக்கும் மருந்து கலப்பவருக்கும் நடுவில் ஓடிய கடிதம். மருந்தைக் கலந்து, பாட்டிலில் மக்கள் மொழியில் லேபிள் ஒட்டித்தான் நோயாளி கையில் கொடுப்பார்கள். இன்றைக்கு ஸ்ட்ரிப்பை வெட்டி, சீட்டோடு சேர்த்து உங்க கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். உங்களுக்காக எழுதப்படாத கடிதத்தை நீங்க படிக்க வேண்டியிருக்கு.

இதே எழுத்துகளில் இன்னும் சில குழப்பங்கள் பாருங்க.

ஓ.எஸ். என்றால் இடது கண். "பெர் ஓஸ்" என்று எழுதினால் வாய் வழியாக! ஏ.டி. என்றால் வலது காது. கையெழுத்தில் ஏ கொஞ்சம் உருண்டுவிட்டால் ஓ.டி., வலது கண். காதுக்கான சொட்டு மருந்து கண்ணுக்குப் போகும்.

எஸ்.ஓ.எஸ். பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. கப்பல்களின் ஆபத்து சிக்னல் அது. 1906-ல் பெர்லின் மாநாட்டில் ஏற்கப்பட்டது. மூணு புள்ளி, மூணு கோடு, மூணு புள்ளி என்று சுலபமாகப் புரியும் என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டில் வருவது வேறு. "சி ஓபுஸ் சிட்", தேவைப்பட்டால் மட்டும். வலி இருந்தால் போடுங்க, இல்லைன்னா வேண்டாம். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயிண்ட் கமிஷன், 2004-ல் "இதையெல்லாம் எழுதவே கூடாது" என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் க்யூ.டி. (தினமும்), க்யூ.ஓ.டி. (ஒருநாள் விட்டு ஒருநாள்) ரெண்டும் இருக்கு. யூனிட் என்பதற்கு எழுதும் "யூ" எழுத்தும் இருக்கு. ஏன்? 10 யூனிட் இன்சுலினுக்குப் பக்கத்தில் எழுதிய யூ, பார்க்க பூஜ்ஜியம் மாதிரி இருந்தால் 100 ஆகிவிடும். எம்.எஸ்.ஸும் உண்டு. அது மார்ஃபின் சல்ஃபேட்டா, மக்னீசியம் சல்ஃபேட்டா?

நம்ம ஊரில் இதுக்கு ஒரு நல்ல மாற்று இருக்கு. 1-0-1. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

ஆனால் அதுக்கும் ஒரு எல்லை உண்டு.

சில வருஷம் முன்னால் ஒரு அம்மா வந்தாங்க. வாயெல்லாம் புண், தண்ணீர்கூட விழுங்க முடியலை. மூட்டுவாதத்துக்கு மீத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர். அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. சீட்டில் "வாரம் ஒருமுறை" என்பதை ஓ.டபிள்யூ. என்று ரெண்டெழுத்தில் எழுதியிருந்தது. கடைக் கவரிலோ 1-0-0. அதாவது தினமும் காலையில் ஒன்று.

ஒன்பது நாள், ஒன்பது மாத்திரை. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பாதாளத்தில். உள்நோயாளியாகச் சேர்த்து, மாற்று மருந்து கொடுத்து, தேறி வர ரெண்டு வாரம் ஆனது.

அவங்க மகன் நன்றாகப் படித்தவர். "கவர்ல இருக்கிறதைப் பார்த்துத்தானே சார் கொடுத்தேன்" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதணும் என்று 2016-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. ஆனால் அந்த அம்மாவின் சீட்டில் கையெழுத்து மோசமில்லை. எழுத்து புரிந்தது. அர்த்தம்தான் போய்ச் சேரவில்லை.

அதனால் மருந்து வாங்கியதும் கவுண்டரிலேயே நின்று மூணு கேள்வி கேளுங்க.

இது எதுக்கான மாத்திரை?
தினமுமா, வாரத்துக்கு ஒருமுறையா, தேவைப்பட்டால் மட்டுமா?
எத்தனை நாளைக்கு?

பதிலைத் தமிழில் கவர் மேலேயே எழுதி வாங்குங்க. வார மாத்திரை என்றால் கிழமையின் பெயரையே எழுதச் சொல்லுங்க. "ஞாயிறு மட்டும்" என்பதை யாரும் தப்பாகப் படிக்க முடியாது.

பின்னால் வரிசை நிற்குதே என்று கூச்சப்படாதீங்க. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நான் சுளித்தாலும்தான்.